பசிச்சா வந்துடுவானா?

"கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான், பசிச்சா வந்துடுவான்." பதினைந்து வயதுப் பையன் வீட்டை விட்டுப் போன இரவில் உறவுக்காரர்கள் சொல்லும் ஆறுதல் இது. காவல் நிலையத்திலும் சில நேரம் இதே பாட்டுதான்: "சொந்தக்காரங்க வீட்ல தேடிட்டு நாளைக்கு வாங்க." சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறியவன் விடிவதற்குள் விஜயவாடாவைத் தாண்டியிருப்பான்.

அப்படித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காணவில்லை என்று புகார் வந்தால், விசாரணையில் வேறு மாதிரித் தெரியவரும் வரை கடத்தலாகவே கருதி எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லைத் தகராறும் செல்லாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நான்கு மாதமாகியும் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நடைமேடையில் தனியாக நிற்கும் பையனிடம் "சாப்டியா தம்பி?" என்று முதலில் கேட்பவர் நல்லவராகவும் இருக்கலாம், ஆள் பிடிக்கும் தரகராகவும் இருக்கலாம். ரயில்வே பாதுகாப்புப் படை 2018 முதல் 'நன்ஹே ஃபரிஷ்தே' என்ற பெயரில் நிலையங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி மீட்டு வருகிறது.

வீட்டை விட்டு ஓடுவது குற்றமல்ல. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவராகவே பார்க்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பிள்ளை தானாகவே அந்தக் குழுவிடம் போகலாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். ஆதரவற்று நிற்கும் பிள்ளையைக் கண்டும் தகவல் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

பெற்றோர் பலர் இந்தக் குழுவைத் தொலைந்த பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் கவுன்ட்டர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பிள்ளை ஏன் போனது என்று அது விசாரிக்க வேண்டும். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும். அப்பாவின் அடி, கட்டாயக் கல்யாணப் பேச்சு, சொந்தத்தில் ஒருவரின் தொல்லை எதுவானாலும் அங்கே சொல்லலாம். வீடு பாதுகாப்பில்லை என்று தெரிந்தால், பிள்ளையை அங்கே அனுப்பாமல் குழந்தைகள் இல்லத்தில் தங்க வைக்கவும் குழு உத்தரவிடலாம்.