பியானோ டீச்சர்களுக்கு எதுக்கு ஒரு சங்கம்?

ஒரே தெருவில் ரெண்டு டியூஷன் சென்டர் இருந்தால் அவங்களுக்குள்ளே உறவு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். இவர் போர்டைப் பார்த்து அவர் கொஞ்சம் பெரிய போர்டு வைப்பார். இங்கேயிருந்து போன பையன் அங்கே சேர்ந்துவிட்டால் ஒரு மாசத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அமெரிக்கச் சிறுநகரங்களில் பியானோ சொல்லிக்கொடுப்பவர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். வீட்டு முன்னறையில் ஒரு பியானோ. பள்ளிக்கூடம் விட்டபிறகு வரிசையாக மாணவர்கள், தலைக்கு அரை மணி நேரம். நாலு தெரு தள்ளி இன்னொருவரும் அதையே செய்கிறார். இரண்டு பேருக்கும் ஊரில் இருக்கிற அதே குழந்தைகள்தான் வருமானம். ஆனால் இந்த இரண்டு பேரும் மாதம் ஒரு காலையில் ஏதாவது ஒரு சர்ச் ஹாலில் கூடி உட்கார்ந்து, சந்தா கட்டி, கமிட்டி போட்டு, சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்வியோடுதான் உள்ளூர் இசை ஆசிரியர் சங்கங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியது இது.

தனி ஆளால் முடியாத மூன்று விஷயங்கள்

நல்ல டீச்சர் தன் அறைக்குள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்று விஷயங்களை மட்டும் அவரால் தர முடியாது. முதலாவது, அறிமுகமில்லாத ஒரு காது. வாராவாரம் கேட்கிற காது பழகிப்போய்விடும். மாணவனின் தவறும் பழகிவிடும். இரண்டாவது, ஒரு கூடம், அதில் நல்ல பியானோ, எதிரே கேட்பதற்கு ஆட்கள். மூன்றாவது, ஒரு தேதி. "மார்ச் 2-ஆம் தேதி வாசிக்கணும்" என்று ஒரு நாள் இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் ஒரு பாட்டை முடிக்காது. முக்கால்வாசியிலேயே சலித்துப்போய் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

இந்த மூன்றையும் பத்துப் பதினைந்து டீச்சர்கள் சேர்ந்தால்தான் வாங்க முடியும். சங்கம் என்பது அடிப்படையில் அந்தக் கூட்டு வாங்கல்தான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வளர்ந்தவை.

1876-இல் தொடங்கிய கதை

அமெரிக்காவின் தேசிய இசை ஆசிரியர் சங்கம் 1876-இல் ஒஹையோ மாநிலத்தில் டெலவேர் என்ற சிற்றூரில் தொடங்கியது. அங்கே இருந்த கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தியோடர் பிரெஸர் என்பவர் தன் சகாக்கள் 62 பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். இதே பிரெஸர்தான் 1883-இல் 'எட்யூட்' என்ற இசைப் பத்திரிகையைத் தொடங்கியவர். தனியாக எங்கோ ஓர் ஊரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சருக்குத் தபாலில் வந்து சேர்ந்த சகா அந்தப் பத்திரிகை. இரண்டுமே ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: இந்தத் தொழிலில் தனிமை அதிகம்.

இன்றைக்கு அமைப்பு மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே தேசியச் சங்கம், நடுவில் மாநிலச் சங்கங்கள், அடியில் உள்ளூர்ச் சங்கங்கள். போட்டிகளும் அந்த ஏணியில்தான் ஏறுகின்றன. மாநிலத்தில் ஜெயித்தால் மண்டலம், மண்டலத்தில் ஜெயித்தால் தேசிய இறுதிச்சுற்று. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் அந்த ஏணிப் பக்கமே போகப்போவதில்லை. அவர்களுக்குச் சங்கம் என்றால் உள்ளூரில் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் நடக்கும் நிகழ்ச்சிதான். நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

கிரேடு எக்ஸாமும் சங்கத் தேர்வும்

சென்னையில் பிள்ளையை பியானோ வகுப்புக்கு அனுப்பியவர்களுக்கு 'கிரேடு எக்ஸாம்' தெரியும். லண்டனில் இருக்கும் வாரியம் பாடத்திட்டம் போடுகிறது, தேர்வாளரை அனுப்புகிறது, சான்றிதழ் தருகிறது. டிரினிட்டி இந்த வெளித்தேர்வுகளை 1877-இல் தொடங்கியது. ராயல் ஸ்கூல்ஸ் வாரியம் 1889-இல் வந்தது. டீச்சரின் வேலை, பணம் கட்டிப் பெயர் கொடுப்பதோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவில் அந்த இடத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்களே நிரப்பின. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1897-இல் தொடங்கிய மாநில இசை ஆசிரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. 1933 முதல் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் மெரிட்' என்ற படிநிலைத் தேர்வை நடத்துகிறது. வாசிப்பு, விரல் பயிற்சி, இசைக்கோட்பாடு, காதால் கேட்டு அறிதல் எல்லாம் அதில் உண்டு. கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் பியானோ படிக்கிற குழந்தை இருந்தால் இந்தப் பெயர் வீட்டில் அடிபட்டிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கணும். டீச்சர் சங்க உறுப்பினராக இருந்தால்தான் அவருடைய மாணவர் இந்தத் தேர்வை எழுத முடியும். அதாவது, தேர்வுதான் சங்கத்தைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. சந்தா கட்டுவதும், தேர்வு நாளில் ஒரு வேலையை எடுத்துச் செய்வதும் உறுப்பினரின் பங்கு. லண்டன் வாரியம் சம்பளம் கொடுத்துச் செய்வதை இங்கே டீச்சர்கள் தங்களுக்குள் முறைவைத்துச் செய்துகொள்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமையின் கணக்கு

உள்ளூர்ச் சங்கத்தின் முக்கியமான நிகழ்ச்சி 'ஃபெஸ்டிவல்' எனப்படுவது. பெயர் விழாதான், ஆனால் குழந்தைக்கு அது தேர்வு. போட்டியும் கிடையாது, முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு குழந்தையும் ஒரு தரத்தோடு ஒப்பிடப்படுகிறது, பக்கத்துக் குழந்தையோடு அல்ல. 1898-இல் தோன்றிய இசைக் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பு நடத்தும் ஃபெஸ்டிவலில் மிக உயர்ந்த தரத்துக்கு 5 புள்ளி. 15 புள்ளி சேர்ந்தால் ஒரு தங்கக் கோப்பை. கோப்பை சின்னதுதான். ஆனால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் குறைந்தது மூன்று வருஷம் வந்தால்தான் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நின்றுவிடாமல் வைத்திருக்க யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு.

சரி, இதை நடத்துவது எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. ஊருக்கு ஊர் மாறும்.

96 குழந்தைகள், ஆளுக்கு 10 நிமிடம். இரண்டு பாட்டு வாசிக்கவும், நடுவர் குறிப்பு எழுதவும் சேர்த்து. மொத்தம் 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம். ஒரு நடுவரால் முடியாது. மூன்று அறை, மூன்று நடுவர் என்றால் அறைக்கு 32 பேர், 5 மணி 20 நிமிடம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி, இடையில் இரண்டு கால் மணி இடைவேளை. காலை 9-க்கு ஆரம்பித்தால் 3.35-க்கு முடியும். யாராவது ஒருவர் தாமதமாக வந்தால் போச்சு.

செலவு: நடுவருக்கு 300 டாலர் வீதம் 900. இடத்துக்கு 250. மூன்று பியானோவுக்குச் சுருதி சேர்க்க 450. சான்றிதழ், பதக்கம் 200. மொத்தம் 1,800 டாலர். குழந்தைக்கு 20 டாலர் கட்டணம் வைத்தால் வரவு 1,920, மிச்சம் 120. ஆனால் 96-க்குப் பதில் 80 பேர்தான் வந்தார்கள் என்றால் வரவு 1,600. மூன்று நடுவர்களுக்கும் வாக்குக் கொடுத்தாச்சு, ஹாலுக்குப் பணம் கட்டியாச்சு. இருநூறு டாலர் வரைக்கும் துண்டு விழும். பெயர் கொடுக்கும் கடைசித் தேதியில் செகரட்டரி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார், கட்டிய கட்டணத்தை ஏன் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் என்று பெற்றோர்கள் எரிச்சல்படுவது உண்டு. இந்தக் கணக்கைப் பார்த்தால் எரிச்சல் குறையும்.

நடைமுறையில் இன்னும் சில விதிகள் உண்டு. நடுவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது. உள்ளூர்க்காரர் என்றால் எந்தக் குழந்தை யாருடைய மாணவர் என்று தெரிந்துவிடும். அதனால்தான் நடுவரின் தாளில் டீச்சர் பெயரையே போடாமல் விடுகிறார்கள். நடுவரிடம் கொடுக்கும் இசைப் புத்தகம் அசலாக இருக்கணும். காப்புரிமை காரணமாக ஜெராக்ஸ் செல்லாது. வரிகளின் தொடக்கத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தால் "17-ஆவது இடத்தில் இடது கை அவசரப்படுகிறது" என்று நடுவர் சுருக்கமாக எழுத முடியும்.

அந்தக் குறிப்புத் தாள்தான் அன்றைய நாளின் உண்மையான பலன். பதக்கம் அலமாரிக்குப் போய்விடும். வாராவாரம் டீச்சர் சொல்லி ஏறாதது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரே வரியில் எழுதினால் ஏறிவிடும். டீச்சருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. தன் மாணவர்கள் ஆறு பேரின் தாளிலும் பெடலைப் பற்றி ஒரே குறை வந்திருந்தால், குறை மாணவர்களிடம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு சின்னப் படிவம்

இந்தச் சங்கங்களில் பல, வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகள். வருஷ வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் வரித்துறைக்கு 990-என் என்ற சின்னப் படிவம் போதும். இணையத்திலேயே நிரப்பலாம், 'மின் தபால் அட்டை' என்றே அதற்குப் பெயர். ஆனால் தொடர்ந்து மூன்று வருஷம் அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும்.

ஐந்து நிமிஷ வேலையை யார் மறப்பார்கள் என்று கேட்கலாம். பழைய பொருளாளர் ஊர் மாறிப் போகிறார். வரித்துறைக் கடிதம் அவருடைய பழைய முகவரிக்குப் போகிறது. புதியவருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. இப்படித்தான் மறக்கிறது. யார் எதை எப்போது செய்யணும், கடவுச்சொல் எங்கே இருக்கிறது, பியானோ சரிசெய்கிறவரின் எண் என்ன என்று எல்லாம் எழுதிய ஒரு நோட்டு, சங்கத்தின் விதிப் புத்தகத்தைவிட முக்கியம்.

எதைப் பேசக் கூடாது?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். போட்டியாளர்கள் ஓர் அறையில் கூடினால் இசையை மட்டுமா பேசுவார்கள்? "நீங்க மணிக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்ற கேள்வி இயல்பாக வரும். அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் 1890-இன் ஷெர்மன் சட்டம், போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கிறது. படித்த தொழில்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னது. அந்த வழக்கு வக்கீல்களின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலைப் பற்றியது. 2013-இல் முறை பியானோ டீச்சர்களுக்கு வந்தது. தேசியச் சங்கத்தின் நெறிமுறையில், மற்றொரு டீச்சரின் மாணவர்களைத் தானாகப் போய் இழுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. இது போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. ஊரின் சராசரிக்குக் கீழே கட்டணம் வாங்கக் கூடாது, இலவச வகுப்பு கூடாது என்ற விதிகள் சில கிளைச் சங்கங்களில் இருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. 2014-இல் சமரச உத்தரவு இறுதியானது. அபராதம் இல்லை, ஆனால் அந்த வரி போயிற்று. கிளைகளிலும் இப்படிப்பட்ட விதிகள் இல்லாமல் பார்த்துக்கொள்வது தேசியச் சங்கத்தின் பொறுப்பாயிற்று.

படிக்கும்போது எனக்கே முதலில் வருத்தமாக இருந்தது. முன்னறையில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் இவ்வளவு பெரிய ஆணையம் பாயணுமா? "அடுத்தவர் மாணவரை இழுக்காதே" என்பது நல்ல பண்புதானே? யோசித்துப் பார்த்தால், அந்தப் பண்பின் விலையைக் கொடுப்பவர் அறையில் இல்லாத ஒருவர். டீச்சரோடு ஒத்துவராத குழந்தை. கட்டணம் கட்டத் திணறும் அம்மா. புதிதாக ஊருக்கு வந்து, முதல் மாணவருக்காகக் காத்திருக்கும் இளம் டீச்சர். டீச்சர்களுக்குள் இருந்த மரியாதை இவர்களுக்கு வேலியாக மாறக்கூடும்.

ஆக, ஒரே கூட்டத்துக்கு இரண்டு முகம். சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தால் ஊருக்கே லாபம். சேர்ந்து கட்டணத்தை நிர்ணயித்தால் ஊருக்கு நஷ்டம். கூடி உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டிலும் அதே ஆட்கள்தான். நல்ல சங்கத்தை அடையாளம் காண நான் இப்போது ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன்: இவர்கள் சேர்ந்து செய்வது குழந்தைக்கு ஒரு புதிய கதவைத் திறக்கிறதா, இருக்கிற கதவை மூடுகிறதா?

கடைசியாக

இப்படிப்பட்ட ஒரு சங்கம் நின்றுபோவது பெரும்பாலும் சண்டையால் இல்லை, களைப்பால். வருஷாவருஷம் அதே நாலைந்து பேர் நாற்காலி போடுகிறார்கள், அட்டவணை போடுகிறார்கள், கதவருகே நின்று அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வயதாகும்போது அந்த நோட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், ஒரு வருஷம் "இந்தத் தடவை வேண்டாம்" என்று ஒத்திப்போடுவார்கள். அடுத்த வருஷம் யாரும் கேட்க மாட்டார்கள்.

டீச்சர்கள் அதற்குப் பிறகும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், அவரவர் முன்னறையில். குழந்தைகளும் வருவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து, கை நடுங்க முதல் சுரத்தைத் தொடும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது. உங்கள் ஊரில் யாராவது அதைச் சம்பளமில்லாமல் நடத்திக்கொண்டிருந்தால், அடுத்த சனிக்கிழமை போய் ரெண்டு நாற்காலியாவது எடுத்துப் போடுங்க.