அழித்து அழித்து எழுதிய முதல் வரி

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு சிறுகதையின் முதல் வரியைப் பன்னிரண்டு முறை எழுதினேன். பன்னிரண்டு முறையும் அழித்தேன். இரண்டாவது வரி வரவே இல்லை.

எழுத ஆசை இல்லாமல் இல்லை. ரயிலில் நிற்கும்போதும் உணவங்காடியில் வரிசையில் காத்திருக்கும்போதும் ‘இதை எழுதலாமே’ என்று மனம் பரபரக்கும். வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தால் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். எழுத ஒன்றுமே தோன்றாதவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

காரணம் ஓரளவு தெரியும். உயர்நிலை நான்கில் நான் எழுதிய கதைக்கு ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அம்மா சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். இப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்தப் பரிசுக்குப் பிறகு ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. எழுத உட்கார்ந்தாலே அந்தச் சட்டம் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

எழுதாமல் இருப்பதற்கு நல்ல வழி, எழுத முடியாதவர்களைப் பற்றிப் படிப்பது. அப்படித்தான் நூலகத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1897ல் அவருடைய முதல் சிம்ஃபனி அரங்கேறியபோது அவருக்கு வயது 23. அது படுதோல்வி. ஒரு விமர்சகர் அதை எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளுடன் ஒப்பிட்டுக் கிழித்தார். அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ராக்மனினோவால் பெரிதாக எதையும் இயற்ற முடியவில்லை. 1900ல் நிக்கோலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். 1901ல் முழுமையாக அரங்கேறிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். இன்று உலகமே விரும்பிக் கேட்கும் படைப்பு அது.

அவரை முடக்கியது வசை, என்னை முடக்கியது பாராட்டு. இதை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவருக்கும் பக்கத்தில் ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் தோன்றியது.

அந்த நீதிபதி எப்போது வருகிறார் என்பதை ஜனவரியில் கண்டுபிடித்தேன். எங்கள் புளோக் லிஃப்ட் ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நானும், துணி போர்த்திய பறவைக் கூண்டோடு ஒரு சீன முதியவரும். உதவி வர இருபது நிமிடங்கள் ஆயின. அதுவரை அவர் கூண்டுக்குள் இருந்த பறவையிடம் ஹொக்கியனில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். பறவையைச் சமாதானப்படுத்தினாரா, என்னையா என்று இன்றுவரை தெரியாது.

அன்றிரவு ஜோகூரில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு அதைச் செய்தியாகத் தட்டி அனுப்பினேன். “லிஃப்ட் பாதியிலயே நின்னுடுச்சுக்கா” என்று தொடங்கியது, நிற்காமல் ஓடியது. அக்காவின் பதில் ஒரே வரி: “டேய், கதை வரலன்னு அழுதியே, இது என்னடா?”

உடனே அதை நகலெடுத்து மடிக்கணினியில் ஒட்டினேன். முதல் வேலையாக ‘லிஃப்ட்’ என்பதை ‘மின்தூக்கி’ ஆக்கினேன். ‘நின்னுடுச்சு’ என்பது ‘திடீரெனச் செயலிழந்தது’ ஆனது. மூன்றாவது வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. முதியவர் அறிவிப்புப் பலகை போலப் பேச ஆரம்பித்திருந்தார். நீதிபதி வந்துவிட்டார்!

நல்ல தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரைத் தேர்வில் ‘மின்தூக்கி’ என்றுதான் எழுதுவேன். ஆனால் கதை பிறப்பதற்கு முன்பே அதற்குச் சீருடை மாட்டப் பார்த்தேன். நம்மில் பலர் வீட்டில் ஒரு தமிழும் தாளில் வேறொரு தமிழும் வைத்திருக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும் இடத்தில்தான் நான் தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன்.

இப்போது மடிக்கணினியைத் தொடுவதில்லை. அக்காவுக்கு அனுப்பும் செய்தியாகவே எழுதுகிறேன். திருத்துவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். நான் குறிவைத்த போட்டியின் கடைசி நாள் போய்விட்டது, அந்த வருத்தம் இருக்கிறது. கையில் இருப்பது மூன்றரைப் பக்கம். நடுப்பகுதி மோசம், முடிவு இன்னும் இல்லை.

போன வாரம் அந்த முதியவரை லிஃப்ட்டில் மீண்டும் பார்த்தேன். நான் கையை நீட்டும் முன்பே என் மாடியின் பொத்தானை அழுத்தினார். அதையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.