அடுத்த சந்தி மட்டும் தெரிந்தால் போதும்

பிள்ளைகளே, தம்பிலுவில் வீடுகளின் தொலைபேசி எண் 067 என்று தொடங்கும். கல்முனைக்கும் அதே 067தான். கொழும்பிலிருந்து மாமா அழைக்கும்போது, உங்கள் வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று அங்குள்ள நிலையம் தேடுவதில்லை. முதல் 3 இலக்கங்களைக் கண்டதும் அழைப்பை நம் பக்கம் திருப்பிவிடும். மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்வார்கள்.

அந்தத் தொலைபேசிச் செப்புக் கம்பியிலேயே டிஎஸ்எல் இணையமும் வரும். பேச்சு 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே, இணையம் 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே. அம்மம்மா பேசும்போதே நீங்கள் படம் பார்க்கலாம். கம்பியின் நுனியில் மினுங்கும் பெட்டிதான் ரவுட்டர்.

அதற்குள் ஒரு வழி அட்டவணை உண்டு. பெரும்பாலும் அதில் முக்கியமானவை இரண்டே வரிகள். இணையத்தில் தகவல் சிறு சிறு துண்டுகளாகப் போகும்; ஒவ்வொரு துண்டும் ஒரு பொதி. பொதியின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால் வீட்டுக்குள் கொடு. வேறு எதுவானாலும் வெளியே அனுப்பு.

இந்த இரண்டாவது வரிதான் எனக்குப் பெரிய அதிசயம். பொதி அமெரிக்கா போகவேண்டும். அமெரிக்கா எங்கே என்று நம் ரவுட்டருக்குத் தெரியாது. தம்பிலுவில் சந்தியில் நின்று யாழ்ப்பாணம் போக நினைப்பவர் என்ன செய்வார்? முதலில் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறுவார். அங்கே அடுத்த பஸ்ஸைக் கேட்பார். பொதியும் அப்படித்தான், ரவுட்டருக்கு ரவுட்டர் கைமாறிப் போகிறது.

இரண்டு ரவுட்டர்கள் தவறுதலாக ஒன்றையொன்று கைகாட்டினால்? பொதி முடிவில்லாமல் சுற்றுமே! அதற்காக ஒவ்வொரு பொதியும் ஓர் எண்ணோடு புறப்படுகிறது. பல கருவிகளில் அது 64. ஒவ்வொரு ரவுட்டரும் 1 கழிக்கும். 0 ஆனதும் பொதி கைவிடப்படும்.

பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். உலக மக்களோ 800 கோடிக்கு மேல். ஆகவே 192.168 வரிசையை வீடுகள் எல்லாம் பொதுவாகப் பாவிக்கின்றன. பக்கத்து வீட்டிலும் உங்கள் எண்ணே இருக்கலாம். பொதி வெளியேறும்போது ரவுட்டர் உள்முகவரியை மாற்றித் தன் வெளிமுகவரியை இடும். யாருடையது என்றும் குறித்துவைக்கும். பதில் வந்ததும் சரியான ஆளிடம் கொடுக்கும். 1994இல் எழுதிவைக்கப்பட்ட உபாயம் இது.

அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, கைபேசியின் வைஃபை அமைப்பில் ‘கேட்வே’ எண்ணைப் பாருங்கள். உலாவியில் அதைத் தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். கடவுச்சொல் பெட்டியோடு வந்த பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். பிறகு வழி அட்டவணையில் 0.0.0.0 என்ற வரியைத் தேடுங்கள். ‘வேறு எதுவானாலும்’ என்பதை ரவுட்டர் அப்படித்தான் எழுதும்.