பொதிகைக் கோழியின் கழுத்து, ஸ்காட்லாந்து மீனின் வாய்!

கொற்கை முத்து ரோமாபுரி வரைக்கும் போன கதை ஊருக்கே தெரியும். நம்ம காட்டுச் சேவலின் இறகு ஸ்காட்லாந்து ஆற்றுச் சால்மனுக்கு வலை விரித்த கதை தெரியுமா? வாங்க, தூண்டில் கட்டுகிறவர் மேசையை எட்டிப் பார்ப்போம்!

சின்ன இடுக்கியில் ஒரு தூண்டில் முள். அதில் கட்டப்போவது ‘ஜாக் ஸ்காட்’, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த, சால்மனை மயக்கும் செயற்கை ஈ. ஈயாவது ஒன்றாவது! முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி அத்தனை ஜோடனை. பின்பாதி உடம்புக்கு மஞ்சள் பட்டு, முன்பாதிக்குக் கறுப்புப் பட்டு, மேலே வெள்ளிச் சரிகைச் சுற்று. வாலுக்கும் உச்சிக்கும் சீனத்துப் பொன் ஃபெசண்டின் கொண்டை இறகு. நடுவில் தென்னமெரிக்க டூக்கான். தொண்டைக்குக் கின்னிக்கோழி.

இதோ வருகிறார் நம்மாள்! சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. நுனியில் மெழுகு வழவழப்போடு வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். பக்கத்துக்கு ஒன்று வைத்துக் கட்டினால், ஈக்குக் கண் திறந்துவிடும்.

இந்தியத் தீபகற்பத்துக்கே சொந்தமான பறவை இது. புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரை 1813இல் இதற்குச் சூட்டினார் விலங்கியலாளர் தெம்மிங்க். கொற்கையை வாழவைத்த தாமிரபரணி பிறக்கும் பொதிகைக் காட்டில் இன்றும் கூவுகிறது.

ஈயைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. ஆறு பெருகிக் குளிர்ந்து கலங்கினால் பெரிய, பளபள ஈ. கோடையில் நீர் வற்றித் தெளிந்தால் சின்ன, அடக்கமான ஈ. ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசினால் போதும். நீரோட்டமே அதை வளைத்து இழுத்துப் போகும். மீன் கவ்வியதும் படக்கென்று வெட்டி இழுக்கக் கூடாது. அது திரும்பட்டும்!

வேடிக்கை என்னவென்றால், முட்டையிட ஆறேறி வரும் சால்மன் சாப்பிடுவதே இல்லை. பின்னே ஏன் கவ்வுகிறது? கோபம் என்பார் ஒருவர், குறுகுறுப்பு என்பார் இன்னொருவர், குஞ்சுப் பருவத்துப் பழக்கம் என்பார் மூன்றாமவர். பஞ்சாயத்து முடிந்தபாடில்லை.

நம் கோழிக்கு மட்டும் தீர்ப்பு வந்துவிட்டது. காட்டுப்பறவை இறகு ஏற்றுமதிக்கு 1902லேயே தடை. 1972 வன உயிரினச் சட்டம் வேட்டைக்கும் பூட்டுப் போட்டது. அதனால் இப்போது வெளிநாட்டுப் பண்ணைகளில் இதை வளர்த்து இறகு எடுக்கிறார்கள். பொதிகைச் சேவல் கழுத்தை நிமிர்த்தித் தாராளமாகக் கூவலாம்!