தோற்ற அணியின் ஆசான்
நீக்குவதா? வைத்திருப்பதா?

கல்லூரிக் கால்பந்து அணி தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் தோற்றுவிட்டால் போதும். “பயிற்சியாளரை மாற்று!” என்று குரல் கிளம்பிவிடும். காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரி போன்ற நெசவாளர் ஊர்களில்கூட டீக்கடை வாசலில் இந்தப் பேச்சு அடிபடும். பந்தை உதைப்பவர்கள் 11 பேர். பழி மட்டும் ஒருவர் தலையில்!

இது நியாயமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஓர் உண்மைக் கதை பதில் சொல்கிறது.

பள்ளி ஆசிரியர்

சையத் அப்துல் ரகீம் ஐதராபாத்தைச் சேர்ந்தவர். 1909-ம் ஆண்டு பிறந்தவர். ஆசிரியர் வேலை பார்த்தவர். “ரகீம் சாகிப்” என்று எல்லோரும் மரியாதையாக அழைப்பார்கள். ஐதராபாத் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்துப் பெயர் வாங்கினார்.

1951-ம் ஆண்டு டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரகீம் பயிற்றுவித்த இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

பத்து கோல்!

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். யுகோஸ்லாவியா 10 கோல். இந்தியா 1 கோல்! நம் வீரர்களில் பலர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலுடன் ஆடினார்கள்.

பத்து கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர்! அவரை யார் மறுபடி கூப்பிடுவார்கள்? ஆனால் கூப்பிட்டார்கள். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணி ரகீமிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்குள் பூட்ஸ் அணிவது கட்டாயமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமை கிடைத்தது. நான்காவது இடம்!

1960-ல் ரோம் ஒலிம்பிக். மறுபடியும் சறுக்கல். ஹங்கேரியிடம் தோல்வி. பிரான்சுடன் சமநிலை. பெருவிடம் தோல்வி. பெருவுக்கு எதிராக நமக்குக் கிடைத்த ஒரே கோலைப் போட்டவர் தமிழர் சைமன் சுந்தரராஜ். ஆக, ஓர் ஆட்டத்தில்கூட வெற்றி இல்லை. அப்போதும் ரகீமைக் கைவிடவில்லை.

ஜகார்த்தாவில் நடந்தது

1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என்று இந்தியாவை வீழ்த்தியது.

ரகீம் கலங்கவில்லை. குறை எங்கே என்று பார்த்தார். அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் இந்தியா வென்றது. தலையில் அடிபட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கை அரை இறுதியில் முன்வரிசைக்கு மாற்றினார் ரகீம். தெற்கு வியட்நாம் 3-2 என்று தோற்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி யார்? அதே தென் கொரியா! மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. கோலைக் காக்க பீட்டர் தங்கராஜ் இறங்கினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னெயில் சிங் இன்னொன்று போட்டார். 2-1 என்று இந்தியா வென்றது. தங்கம்!

அப்போதே ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-ந் தேதி அவர் காலமானார். அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

அப்படியானால் தோற்கிற பயிற்சியாளரை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டுமா? இல்லை. எத்தனை ஆட்டம் தோற்றார் என்று மட்டும் எண்ணக்கூடாது. தோற்ற மறுநாள் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ரகீம், பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று போட்டி வைத்தே வீரர்களின் குறையைப் போக்கியவர். குறையைத் திருத்துகிறவருக்கு அவகாசம் கொடுக்கலாம். பையன்கள்மீதே பழி போட்டுவிட்டுப் பழையபடி நடக்கிறவருக்கு விடை கொடுக்கலாம்.

தறியில் உட்காருகிறவருக்கு இது புதிதல்ல. இழை அறுந்தால் யாரும் சேலையைக் கிழித்து எறிவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார்கள். அறுந்ததைக் கவனிக்காமலே நெய்துகொண்டு போகிறவரிடம் மட்டும் அடுத்த பாவைக் கொடுப்பதில்லை!