ஆய்வுக்கூடத்திலிருந்து நெறிமுறைக் குழுவுக்கு

பூதலூரில் நடவு மும்முரமாக இருக்கும் நாளில் ஒரு விவசாயத் தொழிலாளியை ரத்த மாதிரி கொடுக்கத் தஞ்சாவூருக்கு வரச் சொன்னால், அன்றைய கூலி போச்சு. சர்க்கரை நோய் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் இளம் ஆய்வாளர் அதை ஈடுகட்டலாமா? பயணச் செலவையும் இழந்த கூலியையும் கொடுக்கலாம், ஆனால் பணத்துக்காகவே ஒருவர் சம்மதிக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள். எல்லைக்கோட்டை எங்கே போடுவது? இந்தக் கேள்வியில் சிக்கிய அறிவியல் மாணவர்கள் சிலர் மருத்துவ அறநெறிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

புதிய வழியல்ல இது. இத்துறைக்கு 'பயோஎதிக்ஸ்' என்ற பெயரை 1971-ல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய வான் ரென்சலர் பாட்டர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர்.

இந்தியாவில் இந்த வேலையின் களம், மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். ஒரு பெண், சட்டம் தெரிந்தவர், துறை சாராத சாமானியர் ஆகியோர் கட்டாயம். படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும். ஆய்வுக் குழுவின் உதவியாளரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 2009-ல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வைப் பாருங்கள். ஆந்திரத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறந்த 7 சிறுமிகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013-ல் கடுமையாகச் சாடியது.

இத்துறைக்குள் நுழைய எம்.எஸ்சி. முடித்தவருக்குக் கதவுகள் உண்டு. மங்களூரு யெனெபோயா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டயம் படிக்கலாம். பெங்களூருவில் ஐ.சி.எம்.ஆரின் அறநெறிப் பிரிவு இருக்கிறது. 1993-ல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்' இணையத்தில் இலவசம். ஒன்றை மறைக்கக் கூடாது: முழுநேர வேலைகள் குறைவு. பலர் ஆய்வையோ ஆசிரியப் பணியையோ விடாமலேயே இதைச் செய்கிறார்கள். அதுவும் நல்லதுதான், பைப்பெட் பிடித்த கைக்கு ஆய்வுத் திட்டத்தின் ஓட்டைகள் சீக்கிரம் தட்டுப்படும்.

காவிரி டெல்டா மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒப்புதல் படிவத்தைக் குழுவுக்கு அனுப்பும் முன், வயலிலிருந்து திரும்பிய அப்பாவிடமோ அத்தையிடமோ வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நிறுத்திக் கேட்கும் இடத்தையெல்லாம் மாற்றி எழுதுங்கள்.