இ-ஸ்கூட்டர் கிளம்பலையா? பேட்டரியைத் திட்டும் முன் இதைப் பாருங்க!

காலையில் அவசரமாகக் கிளம்பும்போதுதான் இ-ஸ்கூட்டர் மக்கர் பண்ணும். உடனே ‘பேட்டரி போச்சு’ என்று பதறாதீர்கள்.

டிஸ்ப்ளே எரிகிறது, வண்டி மட்டும் நகரவில்லையா? சைடு ஸ்டாண்டை முழுதாக மடக்குங்கள். பிரேக் லீவர் சிக்கியிருந்தாலும் பல வண்டிகளில் மோட்டாருக்கு பவர் போகாது.

டிஸ்ப்ளேவே எரியவில்லையா? எம்.சி.பி. உள்ள வண்டி என்றால் அது ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்ததும் மறுபடி விழுந்தால், அதற்குமேல் தொடாதீர்கள். சில மாடல்களில் தனியாக 12 வோல்ட் சின்ன பேட்டரி உண்டு. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி ஃபுல்லாக இருந்தாலும் வண்டி கிளம்பாது.

ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

முக்கியமாக, வாசலையோ மாடிப்படியையோ அடைத்து ராத்திரியில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால், தூங்குகிறவர்கள் தப்பிக்க அந்த ஒரு வழிதான் இருக்கும்!